ஆளை அடமானம் வைத்த தேசம்



முப்பத்திநாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கிராமக் கிளைகளில். நிலப்பத்திரம், நகை, டிராக்டர், கறவை மாடு என்று அடமானத்துக்கு வந்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்று நாலு ஏக்கரில் இயற்கை வேளாண்மைக்கு வந்தபிறகு, உச்சிவெயில் நேரத்தில் படிக்க அவகாசம் கிடைக்கிறது. எங்கள் தலைமுறைக்கு ரஷ்யக் கதைகள் புதுசு இல்லை. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைக் கல்லூரிக் காலத்தில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வாங்கிப் படித்தோம். அப்போது கதையைப் படித்தேன். இப்போது அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிற கணக்கைப் படிக்கிறேன்.

அந்தக் கணக்கில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட எண் இது. 1859ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்யாவில் தனியார் பண்ணைகளுக்குக் கட்டுப்பட்ட ஆண் குடியானவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர். அவர்களில் சுமார் 71 லட்சம் பேர் அரசாங்கக் கடன் நிறுவனங்களில் அடமானமாக இருந்தார்கள். நிலம் மட்டும் இல்லைங்க, ஆள். பிரபுக்கள் வாங்கியிருந்த கடன் சுமார் 42.5 கோடி ரூபிள். அதற்கு ஈடு உழுகிற மனிதன்.

நம்ம இதழில் விதை, எரு, பூச்சி பற்றித்தான் அதிகம் எழுதுகிறோம். இந்த ஒருமுறை ஒரு பழைய கடன் கதையைச் சொல்கிறேன். உழவனுக்கு விடுதலை என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது என்று யோசிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

கட்டிப்போட்ட கதை

ரஷ்யக் குடியானவர் ஆதியிலிருந்தே பண்ணையடிமை இல்லை. 1497ல் வந்த சட்டப்படி, வருஷத்தில் ஒருமுறை அவர் பண்ணையை விட்டுப் போகலாம். நவம்பர் 26, புனித யூரி நாள். அதற்கு முந்தைய ஒரு வாரம், பிந்தைய ஒரு வாரம். அறுவடை முடிந்து, தானியம் வீடு சேர்ந்து, கொடுக்கல் வாங்கல் தீர்க்கிற காலம். குடியிருந்த வீட்டுக்கு ஒரு கட்டணம் கட்டிவிட்டு வேறு பண்ணைக்குப் போகலாம். பண்ணைக்காரர் மோசமானவராக இருந்தால் விட்டுப் போக ஒரு வாசல் இருந்தது.

அந்த வாசலை ஒரே நாளில் அடைக்கவில்லை. 1580களில், "இந்த வருஷம் மட்டும் போகக்கூடாது" என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். 1597ல், ஓடிப்போனவரை ஐந்து வருஷம் வரைக்கும் தேடிப் பிடிக்கலாம் என்று ஆணை வந்தது. கடைசியில் 1649ல் ஜார் அலெக்சி காலத்துச் சட்டத் தொகுப்பு, அந்தக் கால வரம்பையும் எடுத்துவிட்டது. எத்தனை வருஷம் ஆனாலும் பிடிக்கலாம். பெண்டாட்டி, பிள்ளை, தட்டுமுட்டுச் சாமானோடு திருப்பி அனுப்பலாம். இன்றைக்கும் ரஷ்யாவில் நம்பியது கைவிட்டுப் போனால், "பாட்டி, இந்தா உனக்கு யூரி நாள்" என்று சொல்லும் வழக்கு இருக்கிறது.

பீட்டர் மன்னர் காலத்தில் தலைவரி வந்தது. ஆண்களை எண்ணி, ஒவ்வொரு தலைக்கும் வரி. எண்ணப்பட்ட ஆணுக்குக் கணக்கில் பெயர் "ஆன்மா". ஒரு பிரபு எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்டால், இத்தனை ஏக்கர் என்று சொல்ல மாட்டார்கள். இத்தனை ஆன்மா என்பார்கள். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் செத்துப் போனவரும் ஏட்டில் உயிரோடுதான் இருப்பார், அவருக்கும் வரி உண்டு. கோகோல் 1842ல் எழுதிய "இறந்த ஆன்மாக்கள்" நாவலின் முடிச்சே இதுதான். ஒருத்தர் ஊர் ஊராகப் போய், செத்துப்போன குடியானவர்களின் பெயர்களை மலிவாக வாங்குகிறார். எதற்கு? ஏட்டில் உயிரோடு இருப்பதால் அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமே! இல்லாத மாட்டுக்கு லோன் வாங்கிய கேஸ்களைப் பார்த்த எந்த வங்கிக்காரனும் இதைப் படித்தால் சிரிப்பான். சிரித்த பிறகு நெஞ்சு கனக்கும்.

யார் வயல் முதலில்?

பண்ணையடிமை கொடுத்தது இரண்டு வகை. ஒன்று, பார்ஷ்சினா. பிரபுவின் வயலில் கூலியில்லாத வேலை, அதுவும் தன் குதிரை, தன் கலப்பையோடு. இன்னொன்று, ஓப்ரோக். பணமாகவோ பொருளாகவோ வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டுவது. கருமண் வளமாக இருந்த தெற்கே பெரும்பாலும் வேலை. மண் ஏழையாக இருந்த வடக்கே பெரும்பாலும் பணம். அந்தப் பணத்தைக் குடியானவர் தச்சு வேலை, நெசவு, நகரத்துக் கூலி என்று எங்கேயோ சம்பாதித்துக் கட்டினார்.

1797ல் ஜார் பால் ஓர் ஆணை போட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக்கூடாது. மீதி ஆறு நாளில் மூன்று நாள் பண்ணைக்கு, மூன்று நாள் குடியானவருக்கு என்றது அந்த ஆணை. காகிதத்தில் பார்த்தால் சரிபாதி. உழவனுக்குத்தான் தெரியும் அதில் உள்ள சூது. அங்கே வெயில் காலம் குறுகியது. கதிர் முற்றி நிற்கிறது, வானம் வெளுத்திருக்கிறது, அந்த மூன்று நாளைப் பிரபு எடுத்துக்கொண்டால், மழை பெய்கிற மூன்று நாள்தான் உழவனுக்கு. நாள் கணக்கு சமம், மகசூல் கணக்கு சமம் ஆகுமா? அந்த ஆணையைக் கூடப் பல பண்ணைகளில் யாரும் மதிக்கவில்லை.

பிரபுவைப் பற்றிப் புகார் சொல்லவும் வழி அடைபட்டது. 1767ல் பேரரசி கேத்தரின், குடியானவர்கள் தங்கள் எஜமானர் மேல் மனுக் கொடுக்கவே கூடாது என்று ஆணையிட்டார். இத்தனைக்கும் அந்தச் சமயத்தில்தான் தார்யா சால்திகோவா என்ற சீமாட்டியின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய குடியானவர்கள் பலமுறை புகார் கொடுத்தும் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் 1762ல் எப்படியோ பேரரசி வரைக்கும் மனுவைச் சேர்த்த பிறகுதான் விசாரணை. 1768ல் 38 பேர் சாவுக்கு அவரே காரணம் என்று தீர்ப்பாகி, ஆயுள் முழுக்கச் சிறையில் இருந்தார். எல்லாப் பிரபுக்களும் இப்படி இல்லை. அன்பாக நடத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் உழவன் வாழ்வதும் சாவதும் எஜமானரின் குணத்தைப் பொறுத்தது என்றால், நல்ல எஜமானர் கிடைப்பது வெறும் அதிர்ஷ்டம். அதை உரிமை என்று சொல்ல முடியாது.

"நாங்கள் உங்களுக்கு, நிலம் எங்களுக்கு"

இந்த விஷயத்தில் குடியானவர் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்பதைக் காட்டுகிற இரண்டு சம்பவங்கள்.

யாகுஷ்கின் என்று ஓர் இளம் பிரபு. பின்னால் 1825ல் ஜாரை எதிர்த்துக் கிளம்பிய குழுவைச் சேர்ந்தவர். ஸ்மொலென்ஸ்க் பக்கம் இருந்த தன் பண்ணை ஆட்களை விடுதலை செய்ய 1820 வாக்கில் முன்வந்தார். ஆட்கள் கேட்டார்கள், நிலம் யாருக்கு என்று. நிலம் தன்னுடையதுதான், அவர்கள் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் பழையபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் உங்களுக்குச் சொந்தம், நிலம் எங்களுக்குச் சொந்தம் என்பது ரஷ்யக் குடியானவர் வாயில் இருந்த பேச்சு. உடம்பைக் கொடுத்தோம், நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது அவர்கள் கணக்கு.

இரண்டாவது, டால்ஸ்டாய். காந்தியடிகள் 1910ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தாரே, நம்ம தமிழ்க் குடும்பங்களும் போய் உழைத்த பண்ணை, அதே டால்ஸ்டாய்தான். 1856ல், நாடு முழுக்க விடுதலை வருவதற்கு முன்னாலேயே, யாஸ்னயா பல்யானாவில் தன் குடியானவர்களைக் கூட்டி, விடுதலை தருகிறேன், நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். புது ஜார் முடிசூடும்போது நிலத்தோடு விடுதலை தரப்போகிறார், அதற்குள் ஐயா நம்மிடம் கையெழுத்து வாங்கி ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். அவர் மனசு சுத்தம்தான். ஆனால் இருநூறு வருஷமாக மேலே இருந்து வந்த காகிதம் ஒவ்வொன்றும் கழுத்தை இறுக்கியதைப் பார்த்த ஜனம், அடுத்த காகிதத்தை எப்படி நம்பும்?

99 வருஷம் கழித்து வந்த மறுநாள்

பிரபுக்களுக்குக் குடியானவரைக் கொடுத்ததற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது: பிரபு ஜாருக்குச் சேவை செய்கிறார், குடியானவர் பிரபுவுக்குச் சேவை செய்கிறார் என்று. 1762 பிப்ரவரி 18ல் மூன்றாம் பீட்டர் பிரபுக்களைக் கட்டாயச் சேவையிலிருந்து விடுவித்தார். அப்படியானால் மறுநாளே குடியானவரையும் விடுவித்திருக்க வேண்டும் இல்லையா? விடுவித்தார்கள், பிப்ரவரி 19ல்தான், ஆனால் 99 வருஷம் கழித்து என்று வரலாற்றாசிரியர் கிளுச்செவ்ஸ்கி கிண்டலாகச் சொன்னார்.

நடுவில் 1773ல் புகச்சோவ் கலகம். நான்தான் மூன்றாம் பீட்டர், சாகவில்லை என்று சொல்லிக் கிளம்பிய கொசாக் வீரர் புகச்சோவ், 1774ல் குடியானவர்களுக்கு விடுதலையையும் நிலத்தையும் அறிவித்தார். வோல்கா நதிக்கரை பற்றி எரிந்தது. 1775 ஜனவரியில் அவரை மாஸ்கோவில் கொன்றார்கள். அந்தப் பயம் அரண்மனையை விட்டுப் போகவே இல்லை. கிரிமியப் போரில் தோற்றபிறகு, 1856ல் இரண்டாம் அலெக்சாந்தர் மாஸ்கோ பிரபுக்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: கீழேயிருந்து தானாக ஒழியும்வரை காத்திருப்பதைவிட, மேலேயிருந்து நாமே ஒழிப்பது மேல் என்று. 1861 பிப்ரவரி 19ல் கையெழுத்துப் போட்டார். பெண்களையும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் விடுதலை.

விடுதலைக்கு ஒரு கடன் கணக்கு

ஆள் விடுதலை இலவசம். நிலம் விலைக்கு. இங்கேதான் வங்கிக்காரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

விலையை எப்படிப் போட்டார்கள்? மண் என்ன விளையும் என்று பார்க்கவில்லை. குடியானவர் வருஷத்துக்குக் கட்டிய ஓப்ரோக் எவ்வளவு, எந்தத் தொகையை 6 சதவீதத்துக்குப் போட்டால் அதே வருமானம் வரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். வட மாகாணங்கள் பலவற்றில் முழுப் பங்கு நிலத்துக்கு ஓப்ரோக் 9 ரூபிள். அப்படியானால் விலை 150 ரூபிள். அதில் நூற்றுக்கு 80, அதாவது 120 ரூபிளை அரசாங்கம் கடன் பத்திரமாகப் பிரபுவுக்குக் கொடுத்துவிடும். மீதி 30ஐக் குடியானவர் நேராகப் பிரபுவுக்குக் கொடுக்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த 120க்கு வருஷம் 6 சதவீதம், 7 ரூபிள் 20 கோபெக், 49 வருஷம் கட்ட வேண்டும்.

பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்க. 7.20ஐ 49ஆல் பெருக்கினால் 352.80. முன்பணம் 30 சேர்த்தால் 382.80. 150 ரூபிள் நிலத்துக்கு இது. அந்த 150ம் நிலத்தின் விலை இல்லை. வடக்கே அந்த 9 ரூபிள் மண்ணிலிருந்து வந்தது குறைவு. குடியானவர் ஊர் ஊராகப் போய்க் கூலி வேலை செய்து கொண்டுவந்தது அதிகம். ஆக, நிலத்தின் பேரில் எழுதிக்கொண்டது அவருடைய உழைப்பின் விலை. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், 1850களின் சந்தை விலைப்படி சுமார் 54.4 கோடி ரூபிள் பெறுமானமுள்ள நிலத்துக்கு 86.7 கோடி ரூபிள் விலை வைத்தார்கள் என்று பின்னால் வந்த கணக்கு சொல்கிறது.

பிரபு பழைய அடமானக் கடன் பாக்கி வைத்திருந்தால், அதை அரசாங்கம் இந்தத் தொகையிலேயே பிடித்துக்கொண்டது. யோசித்துப் பாருங்க. எஜமானர் இவரை அடமானம் வைத்து வாங்கிச் செலவழித்த கடனை, விடுதலையானபின் இவரே தவணை கட்டித் தீர்க்கிறார்!

வெட்டிக்கொண்ட துண்டு

கடனை விடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. நம்ம மாதிரி இயற்கை உழவர்களுக்குத்தான் அது சட்டென்று புரியும்.

குடியானவர் கையில் இருந்த நிலம் சட்டம் வகுத்த அளவுக்கு மேல் இருந்தால், அதிகப்படியைப் பிரபு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு "ஓத்ரேஸ்கி", வெட்டுத்துண்டு, என்று பெயர். கருமண் மாகாணங்களில் இப்படிப் போனது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எதை வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். பல இடங்களில் மேய்ச்சல் புல்வெளி, மாடு தண்ணீர் குடிக்கப் போகும் வழி, விறகுக் காடு.

அங்கே மூன்று வயல் முறை. ஒரு வயலில் குளிர்கால ரை, ஒன்றில் ஓட்ஸ், ஒன்று தரிசு. தரிசுக்குச் சாணம் போனால்தான் அடுத்த ரை விளையும். சாணத்துக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல்வெளி வேண்டும். புல்வெளி போனால் மாடு குறைந்தது, மாடு குறைந்தால் எரு குறைந்தது, எரு குறைந்தால் மண் மெலிந்தது. அந்தப் புல்வெளியைத் திரும்பக் குத்தகைக்குக் கேட்டால், பணம் வேண்டாம், என் வயலை உன் குதிரையால் உழுது கொடு என்றார் பிரபு. ஒழித்ததாகச் சொன்ன வெட்டிவேலை பின்வாசல் வழியாக வந்தது. நிலப்பத்திரத்தில் பரப்பளவு மட்டும்தான் இருக்கும். அந்த நிலத்தை உயிரோடு வைத்திருப்பது பத்திரத்துக்கு வெளியே இருக்கிற மேய்ச்சலும் நீரும் என்று வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

படிக்கத் தெரிந்த ஒருவர்

1861 ஏப்ரலில் கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்ற ஊர். அந்தச் சொல்லுக்கு அதலபாதாளம் என்று பொருள். விடுதலைச் சட்டம் தடித்த புத்தகமாக வந்து இறங்கியது. வழக்கறிஞர்களுக்கே தலை சுற்றும் நடை. ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அந்தோன் பெத்ரோவ். அதில் இருந்த "10%" குறியைப் பார்த்து, இதுதான் ஜார் தந்த உண்மையான விடுதலையின் முத்திரை, பிரபுக்கள் மறைக்கிறார்கள் என்றார். ஆயிரக்கணக்கான ஜனம் கூடியது. பண்ணை வேலையை நிறுத்தினார்கள். பெத்ரோவை ஒப்படைக்க மறுத்தார்கள். துருப்புகள் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெத்ரோவைச் சில நாளில் சுட்டுக் கொன்றார்கள். கசான் மாணவர்கள் கூடி இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை நடத்தினார்கள்.

கிளையில் கடன் பத்திரம் நீட்டும்போது, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி போட்டுத் தருவது எங்கள் வழக்கம். ஜனம் குறியைப் பார்த்துப் போடும், பத்திரத்தைப் படிக்காது. பெத்ரோவ் தப்பாகத்தான் படித்தார். ஆனால் படிக்க உட்கார்ந்தார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, உழவனுக்குப் புரியாத மொழியில் அவனுடைய விடுதலையை எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதுதான்.

ஊரே ஜாமீன்

தவணைக்கு ஊர் முழுக்கக் கூட்டுப் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும். இன்றைய கூட்டுப் பொறுப்புக் குழுக்களில் ஐந்து பத்துப் பேர், விருப்பப்பட்டுச் சேர்கிறார்கள். அங்கே பிறந்த ஊரே குழு, விலகவும் எளிதில் முடியாது. வெளியூர் வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். பாக்கி வைத்தவருக்கு ஊர் அதைத் தராமல் இழுக்கலாம். கூட்டுப் பொறுப்பு ஒழிந்தது 1903ல். குடியானவர் நீதிமன்றம் சவுக்கடி கொடுப்பது ஒழிந்தது 1904ல். 1905ல் நாடே கொந்தளித்த பிறகு தவணையைப் பாதியாக்கி, 1907 ஜனவரி 1 முதல் அறவே நீக்கினார்கள். கடன் தள்ளுபடி என்றால் அரசாங்கம் கருணையோடு கொடுத்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே அது வந்தது பண்ணை வீடுகள் எரிந்த பிறகு.

பிரபுக்களாவது பிழைத்தார்களா? கிடைத்த பத்திரத்தைப் பலரும் விற்றுச் சாப்பிட்டார்கள். 1877ல் ஐரோப்பிய ரஷ்யாவில் பிரபுக்கள் கையில் இருந்த நிலம் சுமார் 7.3 கோடி தெசியாத்தினா. ஒரு தெசியாத்தினா நம்ம கணக்கில் 2.7 ஏக்கர். 1905ல் அது 5.3 கோடியாகக் குறைந்துவிட்டது.

1917ல் பண்ணை நிலங்கள் பறிமுதலாகிக் குடியானவர் கைக்கு வந்தன. பன்னிரண்டு வருஷம்தான். பிறகு கூட்டுப்பண்ணை. 1932ல் நகரத்தாருக்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டு கொடுத்தபோது, கூட்டுப்பண்ணை உழவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்கும் கொடுப்பது என்று முடிவானது 1974ல். ஆளும் கட்சியின் பெயர்ச் சுருக்க எழுத்துகளை, "இரண்டாம் பண்ணையடிமைமுறை" என்று விரித்துப் படித்து ஊருக்குள் சிரித்துக்கொண்டார்களாம். எஜமானர் பெயர் மாறினாலும் உழவன் எதைப் பார்க்கிறான் என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சி.

நாலு கேள்விகள்

இவ்வளவையும் எழுதியது பழங்கதைக்காக மட்டும் இல்லை. இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நாலு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். பயிர்க்கடனோ, குத்தகையோ, கம்பெனியோடு ஒப்பந்தச் சாகுபடியோ, எந்தக் காகிதம் வந்தாலும் கேளுங்கள்.

ஒன்று, விலையை யார் வைத்தது, எதைப் பார்த்து வைத்தது? இரண்டு, கடைசித் தவணை வரைக்கும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு? மூன்று, இந்தக் காகிதத்தால் என் மேய்ச்சல், தண்ணீர், விதை, எரு இவற்றில் எது என் கையை விட்டுப் போகிறது? நாலு, பிடிக்காவிட்டால் விட்டுப் போக எனக்கு ஒரு யூரி நாள் உண்டா?

நாலுக்கும் பதில் தெரிந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள். தெரியவில்லை என்றால் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பத்துப் பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். ஒருநாள் தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 49 வருஷம் என்பதுதான் நீண்ட காலம்.